எட்டு என்றால் எட்டுதான்

ஜூலை 2, புதன்

மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் எங்கள் நர்சிங் ஹாஸ்டல் வார்டன் செல்லக்கனி மேடம் மெஸ் வாசலில் நின்று கையைத் தட்டினார்கள். "மாசாமாசம் வயித்து வலின்னு படுத்துக் கிடக்கிற பிள்ளைக எல்லாம் ஸ்கில் லேபுக்கு வாங்கட்டி. உங்களுக்குன்னு ஒரு ஆள் வந்திருக்கு." சமையல்காரர் இரண்டு பேரும் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்கள். மானம் போனது. ஆனாலும் போனோம், முப்பது பேருக்கு மேல் இருப்போம்.

வந்திருந்தது ஜரினா அக்கா. மேலப்பாளையம். பிசியோதெரபி கல்லூரியில் மேற்படிப்பு படிக்கிறாள். மாதவிலக்கு வலிக்குக் கை வைத்தியம் கேட்குமா, மாத்திரை கேட்குமா என்று பார்க்கப் போகிறாளாம். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு இரண்டு மாதம் இடுப்பிலும் முதுகிலும் கையால் அழுத்தி விடுவாள். மீதிப் பேருக்கு வலி மாத்திரை. அப்புறம் கைக்காரர்கள் மாத்திரைக்கும், மாத்திரைக்காரர்கள் கைக்கும் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் என் காதில் பாதிதான் விழுந்தது. கடைசியில் அவள் சொன்னதுதான் முழுசாக விழுந்தது. "ரெண்டுலயும் குறையாதவங்கள மகப்பேறு டாக்டர்கிட்ட அனுப்பணும். அது இந்த ஆராய்ச்சியோட விதி."

எனக்கு அது போதும். நானாகப் போக முடியாது. ஹாஸ்டலை விட்டு வெளியே போக வார்டன் கையெழுத்து வேண்டும், வீட்டில் சம்மதம் வேண்டும். அம்மாவிடம் போன வருஷமே கேட்டேன். "கல்யாணம் ஆகாத பிள்ளைய அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா ஊரு என்ன பேசும்? எல்லாருக்கும் உள்ளதுதானட்டி" என்று போனை வைத்துவிட்டாள். இப்போது கல்லூரியே அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்று பார்ப்போம்.

சீட்டில் எனக்குக் கை. என் ரூம்மேட் ஜெனோவாவுக்கு மாத்திரை.

ஜூலை 11, வெள்ளி

வந்துவிட்டது. காலையில் ஆண்கள் வார்டில் பன்னிரண்டு படுக்கைக்கு விரிப்பு மாற்றிவிட்டுத்தான் ஸ்கில் லேபுக்குப் போனேன். யாரும் என்னை வேலைக்குக் கள்ளி என்று சொல்லிவிடக் கூடாது.

பக்கத்துக் கட்டிலில் நாங்கள் ஊசி போட்டுப் பழகும் பொம்மை படுத்திருந்தது. இந்தக் கட்டிலில் நான் குப்புற. ஜரினா அக்கா நடு முதுகிலிருந்து வால் எலும்பு வரைக்கும் கட்டை விரலால் மெதுவாக அழுத்தினாள். "மூச்ச இறுக்காத இசக்கி. விடு, விடு." யாராவது என்னைத் தொட்டாலே எனக்குக் கூசும். ஆனால் பொய் சொல்லக் கூடாது, சுகமாக இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த கல்லை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. அழுகை வந்தது, தலையணையில் துடைத்துக்கொண்டேன்.

இடுப்பு விட்டது. உள்ளே இருப்பது விடவில்லை. அது அவள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

"எத்தன போடலாம்?" என்றாள்.

"வரும்போது ஒம்பது. இப்ப எட்டு."

அவள் முகம் சின்னதாகிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. அதற்காக மாற்றிச் சொல்ல முடியுமா?

ஜூலை 13, ஞாயிறு

யூனிஃபார்ம் இரண்டு செட் துவைத்தேன். ஹாஸ்டலே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. ஜெனோவா மாத்திரைக் கட்சித் தலைவி. "ரெண்டு இட்லி தின்னுட்டு ஒண்ணு போட்டேன் பாத்துக்கோ, பத்து மணிக்கெல்லாம் ஊசி டிராலியத் தள்ளிக்கிட்டு ஓடுதேன். நீங்க என்னடான்னா குப்புறப் படுத்து முதுகு காட்டிக்கிட்டு இருக்கீக!" கைக் கட்சிக்காரிகள் விடுவார்களா? மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், கர்ப்பப்பை சூடாகிவிடும், அப்புறம் பிள்ளையே பிறக்காது என்று ஒரே கத்தல். நர்சிங் படிக்கிற பிள்ளைகள் பேசுகிற பேச்சா இது! போய்ப் புத்தகத்தைப் பாருங்கட்டி என்று நான் கத்தினேன். எனக்குக் கட்சி கிடையாது. எதனால் குறைந்தாலும் அதற்குக் கும்பிடு போடுவேன், குறையட்டும் முதலில்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இந்த முறை ஜரினா அக்கா நிறையக் கேள்வி கேட்டாள். எத்தனை வயதில் ஆரம்பித்தது, ரத்தம் எவ்வளவு, நடுவிலும் வலிக்குமா. எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வெளிக்கிப் போகும்போது வலிக்குமா?" என்றாள்.

"சீ, இல்லக்கா."

இதையெல்லாமா கேட்பது! பக்கத்தில் நாலு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

கை வைத்த பிறகு மறுபடியும் எட்டுதான். எழுதிக்கொண்டாள். பேனா கொஞ்சம் தயங்கியது.

சாயங்காலம் துணி காயப்போடும்போது இன்னொரு கூத்து தெரிந்தது. கைக் கட்சி சுபலதாவிடம், "உனக்கு நெசமாவே ரெண்டுக்கு வந்துட்டாட்டி?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "எங்க? அஞ்சு இருக்கும். அக்கா பாவம்லா, இந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி வாரா. நாம ரெண்டுன்னு சொன்னா என்ன கொறஞ்சா போயிருவோம்? சும்மா பரவாயில்லன்னு போட்டேன்." மூன்று பேர் அதையே சொன்னார்கள். மாத்திரைக் கட்சியிலும் அதே கதைதான். மாத்திரையைக் கையில் தருவது வார்டன் மேடம். குறையவில்லை என்றால் சிக் ரூமில் படுக்க வைத்துக் கஞ்சி கொடுப்பார்கள் என்று பயந்து எல்லாரும் ஒன்று, இரண்டு போடுகிறார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு வாளியைத் தூக்கி எறிந்திருப்பேன். வார்டில் நோயாளி "பரவாயில்ல சிஸ்டர்" என்று சொன்னால் நம்பாதே, முகத்தைப் பார் என்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். நாங்களே கட்டிலில் படுத்தால் அதே பாட்டைப் பாடுகிறோம். இப்படி எல்லாரும் மரியாதைக்கு இரண்டு போட்டால் என் எட்டை யார் நம்புவார்கள்?

ஆகஸ்ட் 9, சனி

பாத்ரூமில் ரொம்ப நேரம் ஆகிவிட்டது. ஜெனோவா கதவைத் தட்டினாள். எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஊருக்குப் போய் வந்தேன். அம்மா ஆட்டுக்கறி எடுத்திருந்தாள். தின்றுகொண்டே ஆராய்ச்சி பற்றிச் சொன்னேன். பீடி இலையை வெட்டிக்கொண்டே கேட்டாள், தலையைத் தூக்கவில்லை.

"முதுக அமுக்கி விடுதாளா? நல்லதுதான். அடுத்து மாத்திரைன்னா போடாத."

"ஏம்மா?"

"நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போற பிள்ள. பல்லக் கடிச்சிட்டு இருந்தா மூணு நாள்ல போயிரும். நாங்க பாக்காததா?"

"நீங்க பாத்தீங்க, சரி. அதுக்காக நானும் பாக்கணுமா?"

"வாய் மட்டும் வளருது" என்று இலையைத் தண்ணீரில் போட்டாள். பஸ் ஏற்றிவிடும்போது கையில் முறுக்குப் பொட்டலத்தைத் திணித்தாள். தன்னோடு முழுசாகச் சண்டை போடக்கூட விட மாட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

மாத்திரைக்கு மாறியாயிற்று. அம்மா சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். காலையில் உப்புமாவைத் தின்று முதல் மாத்திரை போட்டேன். பத்து மணிக்கு நிஜமாகவே இறங்கியது. ஆறு என்று சொன்னால்கூடத் தகும். சந்தோஷத்தில் வார்டில் பாட்டு முணுமுணுத்தேன், சிஸ்டர் முறைத்தார்கள். ஜெனோவா கட்சியில் சேர்ந்துவிடலாம் என்றே நினைத்தேன்.

இரண்டாவது மாத்திரையை நேரத்துக்குப் போட்டும் மதியத்துக்கு மேல் திரும்பி வந்தது. வட்டியோடு வந்தது. ஒரு தாத்தாவுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்குள் இரைச்சல். கொஞ்சம் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஜெனோவா நான் விழுந்தேன் என்கிறாள். தாத்தா கட்டிலை விட்டு இறங்கி என்னைப் பிடித்தாராம், அவர் கையில் போட்டிருந்த டிரிப் கழன்று ரத்தம் வந்ததாம். அது மட்டும்தான் எனக்கு வருத்தம்.

சிக் ரூமுக்கு வார்டன் மேடம் வந்தார்கள். "நாளைக்கு டீச்சர்ஸ் டே, இன்னைக்கு மயக்கமா? மாத்திரையும் தின்னாச்சு, முதுகும் அமுக்கியாச்சு. இன்னும் என்னட்டி நடிப்பு?"

"நடிக்கத் தெரிஞ்சா சினிமாவுக்குப் போயிருப்பேன் மேடம். இங்க வந்து பெட்பேன் கழுவிக்கிட்டு இருப்பேனா?"

வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. அவர்கள் மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் ஜரினா அக்கா போனில் எண் கேட்டாள். எட்டு.

செப்டம்பர் 5, வெள்ளி

குரூப் டான்ஸில் என் இடத்தில் சுபலதா. எனக்குத் தைத்த பாவாடை அவளுக்குத்தான் அழகாக இருந்தது, சனியன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஸ்கில் லேபில் பிரஷர் கருவிக்கு, கத்தரிக்கோலுக்கு, ஸ்ட்ரெச்சருக்கு எல்லாம் சந்தனம் குங்குமம். பொம்மைக்கும் பெரிய பொட்டாக வைத்து மாலையும் போட்டுவிட்டார்கள். பார்க்கக் கல்யாணப் பெண் மாதிரி படுத்திருந்தது. இந்தக் கூத்துக்கு நடுவில் எனக்கு நேற்றே வந்துவிட்டது. இதுதான் கடைசி முறை. இன்று போடுகிற எண்ணோடு கணக்கு முடிகிறது.

மாத்திரை போட்டும் நேற்று ராத்திரி தூங்கவில்லை. இருந்தாலும் பொரியும் சுண்டலும் தின்றேன்.

ஜரினா அக்கா எல்லாரும் போகும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இசக்கி, ஒண்ணு கேட்டா கோவப்பட மாட்டியே?"

"கேளுங்கக்கா. கோவப்படுதேனா இல்லையான்னு பொறவு சொல்லுதேன்."

"எல்லாருக்கும் அழகா இறங்கிருக்கு. கைக்கும் இறங்குது, மாத்திரைக்கும் இறங்குது. நீ மட்டும் மேலயே நிக்கிறே. எங்க கைடு சார் உன் பேரப் பாத்தாலே எரிஞ்சு விழுறாரு. ஒரு அஞ்சு போடேன். இந்த ஒரு தடவ மட்டும். நான் இதுக்காக நிக்காஹ் தேதியவே தள்ளி வச்சிருக்கேன்."

கண் கலங்கியிருந்தது அவளுக்கு. கெட்டவளாக இருந்தால் நான் சுலபமாகத் திட்டியிருப்பேன். இரண்டு மாதம் என் முதுகைத் தொட்டவள். வலிக்கிற பிள்ளை முன்னால் ஒரு நாளும் கைக்கடிகாரத்தைப் பார்க்காதவள்.

"அஞ்சு போட்டா நான் டாக்டர்கிட்ட போக முடியுமாக்கா?"

அவள் பேனா மூடியைத் திருகினாள்.

"அஞ்சுன்னா குறைஞ்சவ கணக்குல போயிருவேன்லா?"

"ம்."

"அப்ப எட்டு. உங்க கை நல்ல கைதான்க்கா, இடுப்பு வலிக்கு அதுக்கு மேல ஒரு மருந்து இல்ல. மாத்திரையும் நல்ல மாத்திரைதான், மத்தியானம் வரைக்கும் காப்பாத்துது. ரெண்டு மேலயும் எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா எட்டு எட்டுதான்."

அவள் எழுதினாள். வாசல் வரைக்கும் போனவளைக் கூப்பிட்டேன். "அக்கா, அன்னைக்கி ஒண்ணு கேட்டீங்கள்லா, வெளிக்கிப் போகும்போது... அதுக்கு இல்லன்னு சொன்னேன். உண்டும். அந்த நாள்ல ரொம்ப உண்டும். வெக்கமா இருந்துச்சு, அதான்."

ஜரினா அக்கா திரும்பி வந்தாள். பையைக் கீழே வைத்தாள். "எத்தன நாளாட்டி இது?" என்றாள். அவள் என்னை ஏட்டி என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 10, வெள்ளி

முடிவைச் சொல்ல ஜரினா அக்காவின் சார் தேவசகாயம் வந்தார். திரையில் வரைபடம். இரண்டு கோடு, இரண்டும் மாடிப்படி மாதிரி இறங்குகிறது. கைக்கும் மாத்திரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம், கை ஒரு முடி அளவு மேலாம். கைக் கட்சி கைதட்டியது. மாத்திரைக் கட்சி ஊளையிட்டது.

பிறகு சார், "ஒரு மாணவி மட்டும் சரியாக ஒத்துழைக்காததால் அவரை நீக்கிவிட்டோம்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "நான்தான் சார் அது. என்ன ஒத்துழைக்கல?"

"உட்காரும்மா. ஆராய்ச்சில இதெல்லாம் சகஜம்."

"ஒரு நாள் தப்பாம வந்தேன் சார். படுக்கச் சொன்னா படுத்தேன். தின்னச் சொன்னா தின்னேன். வலி குறையல, அதச் சொன்னேன். அதுக்குப் பேரு ஒத்துழைக்காததா? என்ன நீக்கிட்டா வலியும் நீங்கிருமா?"

வார்டன் மேடம் பின்னாலிருந்து, "இசக்கிப்ரியா!" என்று அதட்டினார்கள். நான் உட்காரவில்லை.

அப்போது சுபலதா எழுந்தாள். வியர்த்துப் போயிருந்தாள். "சார், அப்ப என்னையும் எடுத்துருங்க. நான் ரெண்டு போட்டது பொய். அஞ்சு இருந்துச்சு. அக்கா பாவம்னு போட்டேன்." அவளைத் தொடர்ந்து ஜெனோவா. அவளுக்கு மாத்திரை நிஜமாகவே கேட்டது, கைதான் கேட்கவில்லை. ஆனால் கைக்கும் ஒன்று போட்டிருக்கிறாள், கள்ளி, எனக்குக்கூடச் சொல்லவில்லை. வரிசையாக ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இதை ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தால் என்னவாம்?

சார் ஜரினா அக்காவைப் பார்த்தார். எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள். "நீக்க வேண்டாம் சார். எல்லார்கிட்டயும் திரும்பக் கேக்கிறேன். கணக்கு எப்படி வருதோ அப்படியே வரட்டும். இசக்கிய இன்னைக்கே டாக்டருக்கு எழுதுறேன். விதியில இருக்கு."

"ஆறு மாசம் தள்ளிப் போகும் உனக்கு."

"போகட்டும் சார்."

ராத்திரி மெஸ்ஸில் வார்டன் மேடம் என் தட்டில் இரண்டாவது முட்டையை வைத்தார்கள். நான் அதையும் தின்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மா வர மாட்டேன் என்றாள். வார்டன் மேடமே போனை வாங்கி, "கல்லூரி அனுப்புது, தாயார் வந்தே ஆகணும்" என்று அதட்டினார்கள். வருகிறாள்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக் கூட்டம். பஸ்ஸில் ஒரு காலில் நின்று வந்தோம். மகப்பேறு ஓ.பி.யில் பெஞ்சு முழுக்க வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெண்கள். அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டாள். "தெரிஞ்சவங்க யாராவது பாத்தா கண்ணு டெஸ்ட்டுன்னு சொல்லு" என்றாள். கர்ப்பப்பை ஓ.பி.யில் கண் டெஸ்டாம்!

டாக்டரம்மாவுக்கு வெடுக்கென்று பேச்சு. ஜரினா அக்கா எழுதியதைப் படித்தார்கள். "என்னம்மா செய்யுது?"

அம்மா முந்திக்கொண்டாள். "ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. எல்லாருக்கும் உள்ளதுதான். பிள்ள படிக்கிற எடத்துல சொன்னாகன்னு வந்தோம். இப்ப பரவாயில்ல."

"பரவாயில்லன்னு சொல்லாதம்மா" என்றேன். குரல் பெரிதாகத்தான் வந்தது, வெளியே கேட்டிருக்கும். "எட்டாவது படிக்கும்போதே தொடங்கிட்டு டாக்டர். முதுகு அமுக்குனா இடுப்பு மட்டும் விடுது. மாத்திரை போட்டா அரை நாள் தாங்குது. வெளிக்கி இருக்கும்போது பிளேடு வச்சுக் கிழிச்ச மாதிரி வலிக்கு. வார்டுல மயங்கி விழுந்தேன்." விழுந்தேன் என்று நானே சொன்னது இதுதான் முதல் தடவை.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள். ஓர் இடத்தில் உயிர் போயிற்று. ஸ்கேனுக்கு எழுதினார்கள். கர்ப்பப்பைக்குள் வளர வேண்டிய சதை வெளியிலும், குடலுக்குப் பக்கத்திலும் வளர்ந்திருக்கலாம் என்றார்கள். எங்கள் புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கம் உண்டு. பரீட்சைக்கு வராது என்று சாய்ஸில் விட்டிருந்தோம். "ஸ்கேன்லயும் தெரியலன்னா விட்டுரக் கூடாது, திரும்ப வா. இதுக்கு வைத்தியம் இருக்கு. இது உன் நடிப்பும் இல்ல, பல்லக் கடிக்கிற வலியும் இல்ல."

நான் அழுதேன். நன்றாக, மூக்கு ஒழுக அழுதேன். அழுதால் என்ன?

சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். அம்மா எழவில்லை. முந்தானை தோளுக்கு இறங்கியிருந்தது. மேசையைப் பார்த்துக்கொண்டு, "டாக்டரம்மா" என்றாள். "இவ சொன்னது, வெளிக்கிப் போகும்போது... அது மூலத்துல வர்றது இல்லையா?"

"யாருக்கு மூலம்?"

அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. வீட்டில் கருணைக்கிழங்கும் துத்தி இலையும் எதற்கு அவ்வளவு வேகும் என்று நான் கேட்டதே இல்லை.

"உங்களுக்கா? எத்தன வருஷமா?" என்றார்கள் டாக்டர்.

"இவ பொறக்கதுக்கு முன்னயே. எங்க ஆத்தாகிட்ட சொன்னேன், எல்லாருக்கும் உள்ளதுதான்னுட்டா."

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, போட்டு உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. இந்த வலியோடுதான் என்னிடம் பல்லைக் கடி என்றாளா! டாக்டர் வெளியே கையைக் காட்டி, "அவங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டுட்டு வா" என்றார்கள். ஓடினேன். கவுன்ட்டரில் பெயர் கேட்டார்கள், பேச்சித்தாய் என்றேன். என்ன செய்கிறது என்று கேட்டார்கள். வலி என்றேன், கண் டெஸ்ட் இல்லை.

திரும்பி வந்தபோது அம்மா டாக்டர் அறை வாசலில் நின்றாள். சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு நானும் கூடவே உள்ளே நுழையப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ வெளிய இரி. எனக்கும் வாய் இருக்கு, நானே சொல்லிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.